திருக்கையின் பாலும் நான் தோற்ற பந்தயமும்

பூண்டும் மிளகும் தட்டிப் போட்ட திருக்கைக் குழம்பு அடுப்பில் கொதிக்கிறது. மகள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். வாசனை எழுந்ததுமே நீ என் கண்ணுக்குள் வந்து நின்றாய், ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கை இடுப்பில்.

இவளைப் பெற்று நான் இதே வீட்டில் படுத்திருந்தபோது மூன்று நாளாகியும் பால் ஊறவில்லை. பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. நானும் கூடவே அழுதேன். மார்க்கெட்டில் வீட்டுக்காரரோடு மீன்கடை வைத்திருந்த நீ, போட்டது போட்டபடி தூக்குவாளியோடு ஓடி வந்தாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவளாயிற்றே.

"திருக்கைக் குழம்பு. குடி, பால் பெருகும்."

எனக்குக் காலேஜில் விலங்கியல் படித்த திமிர். "மீனு தன் குட்டிக்கே பால் குடுக்காது. எனக்கு எங்கன இருந்துட்டி குடுக்கும்?"

"ஏட்டி, நீ புஸ்தகத்தைப் பாத்தவ. நான் வயித்தைக் கீறிப் பாத்தவ."

தூத்துக்குடியிலிருந்து மீன்பெட்டியில் வந்த கொம்புத் திருக்கையைப் பற்றி அப்போதுதான் சொன்னாய். வயிற்றுக்குள் ஒரே ஒரு குட்டி, சிறகு இரண்டையும் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு. சுற்றிலும் வெள்ளையாக, கெட்டியாக ஏதோ. "பாலேதான். அன்னைக்கு எனக்குக் கத்தியே ஓடல. நெசமுன்னு ஆச்சுன்னா மார்க்கெட்ல நின்னு எல்லாரும் கேக்கச் சொல்லணும். பந்தயம் கட்டுதியா?"

"கட்டுதேன்."

மறுநாள் பால் ஊறியது. குழம்பாலா, உன்னோடு மல்லுக்கட்டிச் சிரித்ததாலா, இன்றுவரை தெரியாது. பந்தயத்தை மட்டும் நீ விடவில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் "எப்ப சொல்லப்போற?" என்று கேட்டாய். அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதை நினைத்தால் என் மேலேயே கோபமாக வருகிறது.

நேற்று மகள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். ஆனைத் திருக்கை, நீ சொன்ன கொம்புத் திருக்கையின் இனம்தான். அவ்வளவு பெரிய உடம்பு, வாலில் முள் கிடையாது. கொம்பை விரித்து, குட்டிக்கரணம் அடித்து அடித்து, தண்ணீரில் மிதக்கும் பொடி உயிர்களை வடிகட்டித் தின்கிறது. சில வருஷத்துக்கு ஒருமுறை ஒரே குட்டிதானாம். தாயின் கருப்பைச் சுவரில் பால் போல ஒன்று சுரக்க, அதைக் குடித்துத்தான் அந்தக் குட்டி வளருமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இன்று காலை உன் கடை முன்னால் நின்று சத்தமாகச் சொன்னேன்: "திருக்கை பால் குடுக்கும்! நான் தோத்துட்டேன்!" பக்கத்தில் எலுமிச்சம்பழம் விற்கிற அம்மா, எனக்கு மறை கழன்றுவிட்டதா என்று பார்த்தாள். உன் வீட்டுக்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"'என்னைக்காவது வந்து சொல்லுவா, நீங்க கேட்டு வையிங்க'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா, தங்கச்சி."

இரண்டு பேரும் சிரித்தோம். கொஞ்சம் அழவும் செய்தோம். நல்ல துண்டாகப் பார்த்து வெட்டித் தந்தார்.

இப்போது குழம்பை இறக்கி மகளிடம் கொண்டுபோனேன். அவளும் சிரிக்கிறாள். "திருக்கை அதுக்க குட்டிக்குத்தானம்மா பால் குடுக்கும். எனக்கு எப்படி ஊறும்?"

"ஏட்டி, பந்தயம் கட்டுதியா?" என்றேன், உன்னை மாதிரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு.