முருங்கைச் சக்கை

மாட்டுங்கா, 6.7.1964, திங்கள்
காலையில் கரும்பலகையில் இட்லி, வடை, பூரி என்று எழுதிவிட்டுத் திரும்பினால், பின்கட்டிடத்துக் குடித்தனக்காரர்கள் பன்னிரண்டு பேர் வாசலில். நம் ஹோட்டல் கழிவுத் தொட்டி வழிந்து அவர்கள் முற்றமெல்லாம் நாற்றமாம். நிறுத்தாவிட்டால் இங்கே காப்பி குடிக்க வரமாட்டார்களாம். முதலாளி அனந்தகிருஷ்ணன் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன் — தொட்டியை வாராவாரம் வழிப்பானேன், குழாய் போட்டு, பெரிய சாக்கடையான நாலாவில் விட்டுவிடலாம். மானேஜர் மூளை!

14.7
குழாய் போட்டாயிற்று. பின்கட்டிடத்து நாகலக்ஷ்மி மாமி மாடி ஜன்னலிலிருந்தே, "இன்னிக்குத்தான் மூக்கைப் பொத்திக்காம கோலம் போட்டேன். நீங்க நன்னா இருக்கணும்" என்றாள். பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

22.7
மாவரைக்கும் மாடத்தி இரண்டு நாள் கழித்து வந்தாள். தாராவியில் நாலாக்கரையில் குடிசை. "மழையில நாலாத் தண்ணி வீட்டுக்குள்ள ஏறிட்டு, சாமி. முன்னயும் ஏறும். இப்ப ஒரே எண்ணெப் பிசுக்கு. புள்ளைக்குக் காலெல்லாம் புண்ணு. முருங்கக்காச் சக்கையால்லா மெதக்கு! எந்தக் கல்யாண வீட்டுத் தண்ணியோ!" என்று சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நம் சாம்பார்.

26.7
இன்றும் சொல்லவில்லை.

2.8
முனிசிபாலிட்டிக்கு இங்கிலீஷில் மனு எழுதித் தருவேனா என்று மாடத்தி கேட்டாள். எழுதினேன். பத்தொன்பது கைநாட்டு. யார் விடும் தண்ணீர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. 'மாட்டுங்கா ஹோட்டல்கள்' என்று மழுப்பினேன்.

19.8
மனுவின் டைப் அடித்த நகல், பதில் கேட்டு, முனிசிபாலிட்டியிலிருந்து எல்லா ஹோட்டல்களுக்கும் வந்திருக்கிறது. நல்லவேளை, என் கையெழுத்து அதில் இல்லை. "பதிலை நீரே எழுதும், ஓய்" என்றார் முதலாளி. என் மனுவுக்கு நானே பதில் எழுதினேன். அதன் ஓட்டை எனக்குத் தெரியாதா? குடிசைகளுக்கு நம்பர் கிடையாது. 'விலாசமே இல்லாதவர்களின் புகார்' என்று எழுதினேன். சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன செய்வான்? — சீ, என்ன மனுஷன் நான்!

9.9
மனு தள்ளுபடி. மாடத்தி எனக்கு ஆறுதல் சொல்கிறாள். "நீங்க எழுதுனது வீணாப் போச்சேன்னு வெசனப்படாதிய, சாமி." புண் பழுத்துக் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கிறதாம். அதற்குமேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். "அது நம்ம ஹோட்டல் தண்ணி, மாடத்தி. குழாய் போடச் சொன்னவன் நான். மனுவைக் கெடுத்தவனும் நான்."
அவள் உரலில் ஒட்டியிருந்த மாவை வழித்துக்கொண்டே இருந்தாள். கையைக் கழுவிவிட்டுக் கேட்டாள்: "அப்ப, இனிமேயாவது சரியா எழுதுவியளா?"

10.9
எழுதினேன். ஹோட்டல் பெயர், குழாய் இருக்குமிடம், எல்லாம். புகார் செய்பவர்: மகாதேவன், மானேஜர். விலாசமும் முழுசாக.

3.10
வேலை போன பிறகு இன்றுதான் ஹோட்டல் வழியாகப் போனேன். பலகையை வேறு யாரோ எழுதியிருந்தார்கள். பின்சந்தில் முனிசிபாலிட்டி ஆட்கள் இருவர் குழாயை அடைத்துக்கொண்டிருந்தார்கள். நாகலக்ஷ்மி மாமி மேலேயிருந்து என்னைப் பார்த்தாள். ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.