மூன்று கைகள்

ஹல்,
1983 நவம்பர் 11, வெள்ளி.

அன்புள்ள ரேமண்டுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? அபர்டீன் பக்கம் கடல் பேயாட்டம் ஆடுகிறதென்று வானொலியில் சொன்னார்கள். படகில் கையுறை இல்லாமல் நிற்காதே. அக்கார்டியன் வாசித்த விரல்கள் வலை இழுத்து வெடித்துக் கிடக்கும். கம்பளிக் காலுறை மூன்று ஜோடி அனுப்பியிருக்கிறேன்.

கார்ல்டன் நம் மீனவர் பாட்டை முடித்து ஒலிநாடாவை அனுப்பிவிட்டார். நன்றாக வந்திருக்கிறது, ரே. பொய் சொல்லி உன்னைத் தேற்ற எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அவரிடம் நம்மைக் கூட்டிப் போனவனே நீதான். "பத்து வருஷமா அரைச்ச மாவையே அரைக்கிறோம், லீட்ஸ்ல பாட்டுப் பதிவு பண்ற ஒரு ஜமைக்காக்காரர் இருக்கார், அவர்கிட்ட போவோம்" என்றாய். என் தம்பி டெரிதான் குதித்தான். "இருக்கிற வாத்தியத்தையெல்லாம் பிடுங்கிட்டு டிரம் இடியை மட்டும் வைக்கிற ஆளுகிட்டயா மீனவர் பாட்டைக் குடுக்கப் போற? உன் அக்கார்டியன் பெட்டியைத்தான்டா முதல்ல தூக்குவாரு!" என்றான். வாய்தான் அவனுக்கு முதல் எதிரி. அந்தப் பேச்சை மனதில் வைத்துத்தான் நீ பிறகு அவன்மேல் பாய்ந்தாய்.

கார்ல்டன் உன்னையும் என்னையும் டெரியையும் கிடார் வாசிக்கும் ஆலனையும் சுவரைப் பார்த்து நிற்க வைத்ததை நினைத்துப் பார். "கண்ணை மூடிக்கங்க. ஒவ்வொரு வாத்தியமா சத்தத்தை மெதுவா அமுக்கறேன். எது போனதும் பாட்டு மூச்சு விடுதோ அப்பக் கையைத் தூக்குங்க. யாரு தூக்கினதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். கிடாருக்கு ஒரு கை. டிரம்முக்கு ஒன்றுமில்லை. அக்கார்டியனுக்கு மூன்று கை என்று கணக்கை மட்டும் சொன்னார்.

அதில் ஒன்று உன்னுடையது. வீடு திரும்பும் வழியில் நீயே சொன்னாய். "பாட்டுக்கு எது நல்லதோ அதைச் செஞ்சேன். நீ ஒருத்தியாவது தூக்கலையே, அது போதும் எனக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். மறுநாள் டெரியிடம், "நீதானே?" என்று கேட்டாய். "ஆமா, நான்தான்" என்றான். நீ அடித்த அடியில் அவன் உதட்டில் இரண்டு தையல் போட வேண்டியிருந்தது. அந்த வாரமே நீ படகேறிவிட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆலன் வந்து, தூக்கியவர்களில் தானும் ஒருவன் என்று ஒப்புக்கொண்டான். டெரி தூக்கவில்லை, ரே. கிழக்கே போகச் சொன்னால் மேற்கே போகிறவன், உன் பெட்டி ஒலிக்காத பாட்டு எனக்கு வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். ஏன்டா பொய் சொன்னாய் என்று அவனைப் பிடித்து உலுக்கினேன். "உன் குடும்பத்துல நானே மண்ணள்ளிப் போடச் சொல்றியா? என்னை அடிச்சா ரெண்டு நாள்ல ஆறிடும், போ" என்றான்.

மூன்றாவது கை என்னுடையது.

தெரியாமல் தூக்கிவிட்டேன் என்று எழுதலாம். பதினான்கு வருடம் உன் பக்கத்தில் நின்று பாடியவளுக்கு உன் வாத்தியத்தின் ஒலி தேய்ந்து போவது தெரியாதா? தெரிந்துதான் தூக்கினேன். என் குரல் முதன்முறையாகத் தனியாகக் கேட்டது. அந்த ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. காரில் நீ கையைப் பிடித்தபோதே சொல்லியிருக்க வேண்டும். பாவி, வாயை மூடிக்கொண்டேன்.

வாராவாரம் நீ எழுதும் கடிதத்தில், "நீ மட்டும்தான் என் பக்கம் நின்றாய், இங்கே வந்துவிடு, சின்னதாய் ஒரு வீடு பார்க்கிறேன்" என்று எழுதுகிறாய். ஒவ்வொன்றையும் திருட்டுப்பொருள் போல ஒளித்து வைக்கிறேன். இதைப் படித்த பிறகு நீ வீடு பார்ப்பாயா, மாட்டாயா, எனக்குத் தெரியாது. நீ கூப்பிட்டால் அடுத்த ரயிலில் வந்துவிடுவேன். கூப்பிடாவிட்டால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

டெரி தினமும் வேலை முடிந்து வந்ததும் தபால் ஏதாவது வந்ததா என்று கேட்கிறான். உனக்கென்ன தபால் என்று நானும் எரிந்து விழுகிறேன்.

ஆண்டவன் உன்னைப் பத்திரமாகக் கரைசேர்க்கட்டும். எனக்குப் பதில் எழுத மனம் வராவிட்டால் விட்டுவிடு. டெரிக்கு மட்டும் இரண்டு வரி எழுதிவிடு, ரே.

உன்
டெனிஸ்