கம்பளிச் செடியும் காப்புக் கட்டிய எட்டு நாளும்

ஜவ்வாதுமலை
புரட்டாசி 3

அன்பு மகன் மணிவேலுக்கு அம்மா சம்பூர்ணம் எழுதுவது. நான் இருமலோடு இருந்தாலும் நடமாட்டத்தோடு இருக்கிறேன், நீயும் மருமகள் சிவசங்கரியும் அந்த ஊர்க் குளிரில் உடம்பு கெடாமல் இருக்க மாரியம்மன் துணை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, வுடும்மா" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படி.

மூன்று வருஷம் முன் என் இருமலுக்கென்று நீ வராமல் விதையை அனுப்பினாயே, நீ மல்லீன் என்கிறாய், நான் கம்பளிச் செடி என்கிறேன். கிணற்று மேட்டில் நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் போட்டேன். பூத்து விதை விட்டால் செத்துவிடும், பூ வாடியதும் தண்டை வெட்டினால் அடியில் துளிர்த்து வருஷக்கணக்கில் நிற்கும் என்றாய். போன வருஷம் வெட்டினேன், நின்றது. இந்த வருஷம் ஆள் உயரத்தில் ஆறு தண்டு. ஐந்தை வெட்டிவிட்டேன், ஆறாவதன் உச்சியில் பூ இருந்ததால் இரண்டு நாள் போகட்டும் என்று விட்டேன். அதற்குள் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் எட்டு நாள் பச்சையில் கத்தி வைக்க மாட்டோம், நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. அதைத் தப்பென்று எனக்கு எழுதாதே. எட்டு நாளும் ஆடிக்காற்று ஓயவில்லை. காப்பு அவிழ்த்த மறுநாள் போய்ப் பார்த்தால் காயெல்லாம் வாய் பிளந்து காலியாக நின்றது.

மழைக்குப் பிறகு, கீழே மங்கம்மாளின் சாமைக் கொல்லை முழுக்க அது முளைத்துவிட்டது. இப்போது காசு அளவுதான், கீழே இருந்து உயரப் பூவை மட்டும் பார்த்தவளுக்கு அடையாளம் தெரியவில்லை. என்னிடமே வந்து, "இன்னாக்கா இது, ஆடு கூட மோந்துட்டுத் திரும்பிக்குது, கொழுந்தன்தான் மந்திரிச்சுப் போட்டுட்டான்" என்று அழுதாள். அவள் கொழுந்தன் கண்ணாயிரத்தோடு வரப்புச் சண்டை பழையது. அவன், "மந்திரம் எதுக்கு, உன் வாய்க்கே கொல்லை கருகிடும்" என்றானாம். பேச்சு முற்றி, வரும் வெள்ளிக்கிழமை கோயிலில் கற்பூரம் ஏற்றி, பிரசவத்துக்கு வந்திருக்கும் தன் மகள் பூவிழியின் தலையில் கை வைத்து, தான் மந்திரிக்கவில்லை என்று கண்ணாயிரம் சத்தியம் செய்வதாக ஊரில் முடிவாகிவிட்டது. அவளுக்கு மாசம் ஒன்பது. பிரசவத்தில் ஏதாவது ஒன்று ஆனால் சத்தியம் பொய் என்றுதான் சொல்வார்கள், அப்புறம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று என்னால் நினைக்கவே முடியவில்லை. நேற்றே அந்தப் பெண்ணுக்கு இடுப்பு வலி என்றார்கள்.

ஒரு வாரமாக நான் வாய் திறக்கவில்லை. மங்கம்மாளிடம் தனியாகச் சொன்னால் கண்ணாயிரத்துக்குப் பரிந்து பேசுகிறேன் என்பாள், ஊர் முன்னால்தான் சொல்ல வேண்டும். கற்பூரம் ஏற்றும் முன் நான் போய் நின்று, என் மகன் அனுப்பிய விதை, என் கிணற்று மேட்டில் இருந்து பறந்தது என்று சொல்லப் போகிறேன். உன் பெயரும் வரும், தயாராக இரு. கடப்பாரையோடு மேலே வருவார்கள். வரட்டும், கொல்லையில் இருப்பதைக் கடைசி முளை வரை நானே குனிந்து பிடுங்குவேன், என் செடியைத் தொட விட மாட்டேன், இனிமேல் மொட்டிலேயே வெட்டிக்கொள்வேன்.

இலைக் கஷாயத்தை, சுணை தொண்டையில் ஒட்டாமல் துணியில் வடிகட்டித்தான் குடிக்கிறேன், கவலைப்படாதே. நீங்கள் இருவரும் நோயில்லாமல் நூறு வருஷம் இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது, மண்ணில் விழுந்த அந்த விதை எத்தனை வருஷம் உயிரோடு கிடக்கும்? என் சமாதானத்துக்காகக் குறைத்து எழுதாதே.

இப்படிக்கு உன் அம்மா,
மு. சம்பூர்ணம்