பலகையில் இருந்த எண்

மார்ச் 4
அப்பா போய் ஒரு வருடம். பூட்டி வைத்தால் வீட்டைக் கரையான்தான் ஆளும். விற்றுவிடலாம் என்று புரோக்கரை வரச் சொன்னேன். சமையலறையைப் புதிதாகக் கட்டலாமா என்றதற்குச் சிரித்தார். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடும்மா. குழாய் ஒழுகாம பாருங்க. முன்பக்கம் பச்சையை எடுத்துட்டு வெள்ளை அடிங்க. போதும்."

மார்ச் 7
தம்பியின் அறையைக் காலி செய்தேன். அவன் வீட்டைவிட்டுப் போய் ஒன்பது வருடம். கதவுக்குப் பின்னால் அவன் சட்டை. அப்பா துவைத்துத் துவைத்து மாட்டியிருக்கிறார். போடாமலே காலர் நைந்துவிட்டது.

"இனி இந்த வாசப்படி மிதிக்காதே" என்று அவனிடம் சொன்னது அப்பா இல்லை, நான். அன்று என் நாக்கில் சனி.

மார்ச் 8
அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் பெயிண்டர் செருமிவிட்டுப் போகிறார். "உள்ள யாரோ இருக்கிற மாதிரியே இருக்குக்கா."

எனக்கும்தான்.

மார்ச் 12
முன்பக்கம் வெள்ளையாகிவிட்டது. 'விற்பனைக்கு' பலகையும் மாட்டியாயிற்று. என் எண் வேண்டாம், கண்டவர்களும் கூப்பிடுவார்கள் என்றேன். புரோக்கர் தன் எண்ணைப் போட்டார்.

மார்ச் 14
பார்த்த குடும்பத்துக்குப் பிடித்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை முன்பணம். சந்தோஷப்பட வேண்டியதுதானே?

மார்ச் 17
மூன்று வருடமாக எதிர்வீட்டில் இருக்கும் டீச்சர் பேச்சுவாக்கில் சொன்னார். "முந்தாநாள் ஒருத்தர் வந்தாரு. இங்க ஒரு பச்சை வீடு இருந்துச்சேன்னாரு. இதான்னேன். பெரியவர் தவறிட்டாருன்னதும் கேட்டைப் பிடிச்சிக்கிட்டாரு. அக்கா எங்கன்னாரு. பலகையில நம்பர் இருக்குன்னேன்."

புரோக்கரைக் கூப்பிட்டேன். "ஆமாம்மா, அக்காகிட்ட பேசணும்னு ஒருத்தர் போன் பண்ணாரு. விலையைக் குறைக்கக் கேக்கிறாருன்னு நெனச்சேன். அவங்க யார்கிட்டயும் பேச மாட்டாங்கன்னு சொல்லிட்டேன். நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான். இரண்டாவது முறையும் நானேதான்.

அந்த எண்ணுக்குப் பேசினேன். பேருந்து நிலையத்தில் ஒரு கடை. யாரோ அவசரம் என்று கேட்டாராம், கடைக்காரர் போனைக் கொடுத்தாராம். முகம் ஞாபகம் இல்லையாம். பாவி, ஒரு நிமிஷம் காத்திருக்கக் கூடாதாடா.

ஏப்ரல் 2
விற்கவில்லை. புரோக்கர் திட்டித் தீர்த்தார். பெட்டியோடு இங்கேயே வந்துவிட்டேன். "எத்தனை நாளைக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். தெரியாது என்றேன். மதியச் சாப்பாட்டை அவரே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்.

நான் குளிக்கப் போகும்போது மட்டும் டீச்சரை வாசலில் உட்காரச் சொல்கிறேன்.