அஞ்சு கட்டைக் குரல்

2024 ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்றைக்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் படுக்கப் போகிறேன். ஈரத் தலையோடு படுத்தால் சளி பிடிக்கும். குளிக்காமல் படுத்தால் தலையணை நாறும். நான் பீடியோ சிகரெட்டோ உதட்டில் வைத்தவள் இல்லை. ஆனால் என் முடியை மோந்து பார்க்கிறவர்கள் ஒரு பாக்கெட்டை ஊதித் தள்ளினவள் என்று சத்தியம் செய்வார்கள்.

தி. நகர் ஹோட்டலில் எங்கள் மேடை முதல் மாடியில், ஏசிக்குக் கீழே. இடது பக்கம் குடும்பங்கள் சாப்பிடும் இடம், வலது பக்கம் பார். நடுவில் ஒரு மரத் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது என்று புகைக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. சுவரில் 'புகை பிடிக்காதீர்' போர்டு. அதற்கு நேர் கீழே உள்ள மேஜையில்தான் சப்ளையர் செம்பியன் தினமும் ஆஷ்ட்ரேவைத் துடைத்து வைக்கிறான். என் புருஷன் ஜான்சன் கீபோர்டு, நான் பாட்டு. கல்யாணமான வருஷத்திலிருந்து இதே மேடை.

வெள்ளிக்கிழமை என்பதால் ஷரஃபுதீன் பாய் வந்திருந்தார். குடிக்க மாட்டார். எலுமிச்சை சோடா, பரோட்டா, சிகரெட். வந்ததும் பழைய படகுப் பாட்டு ஒன்றைக் கேட்பார், கண்ணை மூடிக்கொள்வார். அவர் விடும் புகை நேராக என் மூக்குக்கு வரும். முதல் கைதட்டலும் அங்கிருந்துதான் வரும். அவரை நான் எப்படித் திட்டுவது?

ஆகஸ்ட் 13

காலையில் குரல் எழும்பவே இல்லை. இரண்டாவது காபிக்குப் பிறகுதான் 'ஜான்சன்' என்று கூப்பிட முடிந்தது.

ஆகஸ்ட் 17, சனி

அடையாறில் தொண்டை டாக்டர். குழாயில் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார். குரல்நாண் வெள்ளையாக, வழவழவென்று இருக்க வேண்டுமாம். என்னுடையது சிவந்து தடித்து, ஓரத்தில் ஒரு சின்னக் கட்டி.

"எவ்வளவு நாளா ஸ்மோக் பண்றீங்க?"

இல்லை என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து ஜான்சனைப் பார்த்தார். "சார், நீங்க?" அவனும் இல்லை. வேலை செய்யும் இடத்தைச் சொன்ன பிறகுதான் பேனாவைக் கீழே வைத்தார்.

புகை மட்டும்தான் காரணம் என்று எழுதித் தர முடியாதாம். சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டுப் பாடுவதும் சேர்ந்து கெடுக்குமாம். ஆனால் அந்தக் காற்றில் இனி ஒரு நாள்கூடப் பாடக்கூடாது என்றார். "குரல் வேணுமா, வேலை வேணுமான்னு யோசிங்க." குரல்தான் சார் என் வேலை என்றேன்.

ஆகஸ்ட் 20

மேனேஜர் கஸ்தூரிரங்கனிடம் பேசினேன். நல்ல மனுஷர். மயிலாப்பூரிலிருந்து இன்னும் ஸ்கூட்டரில்தான் வருகிறார்.

"நேக்கு மட்டும் பிடிக்கறதாம்மா? ஆத்துக்குப் போனா சட்டையை வாசல்லயே கழட்டிண்டுதான் உள்ள போறேன். ஆனா பார்ல சிகரெட்டை நிறுத்துன்னு சொன்னா முதலாளி என்னை நிறுத்திடுவார்."

சட்டம் இருக்கிறதே சார் என்றேன். "அதான் போர்டு மாட்டியிருக்கோமே" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார்.

வெளியே வந்தால் செம்பியன் மடக்கினான். "அக்கா, வேணாங்கா. ஊதறவன்தான் ரொம்ப நேரம் குந்துவான், கைல எதுனா வச்சிட்டுப் போவான். கூட்டம் கொறஞ்சா மொதல்ல எங்க தலைதான்." சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமினான். அவனுக்கு இருபத்தாறு வயது.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். பட்டினப்பாக்கத்தில் எங்கள் கோயிலில் பூசை. சனி இரவு ஹோட்டலில் பாடிவிட்டு ஞாயிறு விடியலில் எழ முடியாமல் பாடகர் குழுவுக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. திருநாளாச்சே என்று குழு மாஸ்டர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். நற்கருணை வாங்கும் நேரத்து நன்மைப் பாட்டு எனக்கு. பதினாலு வயதிலிருந்து நான் பாடும் பாட்டு. எப்போதும் அஞ்சு கட்டை சுருதி. பொம்பிளைக் குரலுக்கு அது ஒன்றும் பெரிய உயரமில்லை. மாஸ்டருக்கு அது பழக்கம், ஆர்கனில் எடுத்துக் கொடுத்தார்.

சரணத்தில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் போகவில்லை. காற்றுதான் வந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் காற்று. பின்னால் நின்ற பிள்ளைகள் சேர்ந்து பாடி மூடி மறைத்தார்கள். நற்கருணை வாங்க வரிசையில் வந்த என் மாமியார் தேசம்மா அண்ணாந்து என்னையே பார்த்தார்.

முடிந்ததும் மாஸ்டரிடம் எரிந்து விழுந்தேன். ஸ்கேலை ஏற்றிவிட்டீர்களா? அவர் பாவம், முழித்தார். "அதே அஞ்சுதாம்மா மேகலா."

அப்படியென்றால் ஹோட்டலில் தினமும் இதே அஞ்சில் எப்படிப் பாடுகிறேன்?

செப்டம்பர் 9

இன்றைக்குப் பார்த்துவிட்டேன். பாடகி கீபோர்டுக்குப் பின்னால் போய் நிற்கும் வழக்கம் இல்லை. ஜான்சன் மைக் சரிபார்க்கப் போன நேரம் போனேன். சின்னத் திரை, பச்சை வெளிச்சம்.

டிரான்ஸ்போஸ்: –4.

அவன் விரல் வழக்கமான கட்டைகளில்தான் விழும். பெட்டி மட்டும் நாலு படி கீழே இறக்கி வாசிக்கும். நாலரை, நாலு, மூன்று, இரண்டரை என்று எண்ணிப் பார்த்தேன்; மூன்றரை என்று ஒன்று கிடையாது. நான் அஞ்சு கட்டை என்று நினைத்துப் பாடிக்கொண்டிருப்பது இரண்டரை.

வீட்டுக்கு வந்து ஜான்சனைக் கேட்டேன். மறைக்கவில்லை.

"இன்னா பண்ண சொல்ற? ரெண்டு வருசம் முன்னாடி ஒரு நாளு மேல போவ சொல்லோ கொரலு ஒடஞ்சிது. நீ பாத்ரூம்ல குந்திகினு அழுத. மறுநாளு அரைக் கட்டை எறக்கினேன். நல்லா பாடின. வண்டில சிரிச்சிகினே வந்த. அத்த பாத்துட்டு எப்பிடி சொல்லுவேன்? அப்பாலிக்கா இன்னொரு அரை. அப்பிடியே..."

அப்பிடியே நாலு. இரண்டு வருஷமா எனக்குத் தெரியாமலே என் குரல் போய்க்கினு இருந்திருக்கு. மொதல் அரையிலேயே சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட போயிருப்பேனே, பாவி. குரல் ஒனக்கா எனக்கா?

தட்டைத் தூக்கி வீசினேன். அவன் பொறுக்கி எடுத்துக் கழுவி வைத்தான்.

செப்டம்பர் 12

காதலித்த நாளிலிருந்து வீட்டில் 'அவன்'தான், ஊருக்கு முன்னால் மட்டும் 'அவர்'. இந்த மூன்று நாளாக வீட்டிலும் 'அவர்' என்கிறேன். அவனுக்கு அது புரிகிறது. சோறு இறங்கவில்லை அவனுக்கு.

அவன் புகை விட்டவன் இல்லை. ஆஷ்ட்ரே வைத்தவனும் இல்லை. என் மேல் உள்ள ஆசையில் பொய் சொன்னவன். அதனால்தான் மனசு இப்படி வலிக்கிறது.

செப்டம்பர் 17

சுகாதாரத் துறைக்குப் போனில் புகார் கொடுத்துவிட்டேன். ஹோட்டல் பெயர், மாடி, போர்டு, போர்டுக்குக் கீழே ஆஷ்ட்ரே, எல்லாம் சொன்னேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"சரிங்க சார். உங்க பேர் சொல்லுங்க சார்."

மேகலா என்றேன். "ஸாரிங்க மேடம்" என்றாள் அவசரமாக.

செப்டம்பர் 27, வெள்ளி

அதிகாரிகள் வந்தார்கள். நான் பாடிக்கொண்டிருந்தபோதே. பாதிப் பாட்டில் விளக்கைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில்தான் முதல் தடவையாகப் பார்த்தேன், கூரைக்குக் கீழே அவ்வளவு புகை தொங்கியது. கஸ்தூரிரங்கன் கைகட்டி நின்றார். அபராதம். முதலாளிக்குப் போன். அவர் போனிலேயே கத்தியது மேடைவரை கேட்டது.

யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. செம்பியன் மட்டும் என் பக்கம் வராமல் சுற்றிப் போனான்.

அக்டோபர் 4, வெள்ளி

ஆஷ்ட்ரே எல்லாம் ஒரு பக்கெட்டில் போட்டுக் கீழே கொண்டு போய்விட்டார்கள். ஊத வேண்டுமென்றால் படி இறங்கித் தெருவுக்குப் போக வேண்டும். இரண்டு மேஜைக்காரர்கள் சண்டை போட்டு எழுந்து போனார்கள். காசு கொடுத்துக் குடிக்கிற இடத்தில் இதுகூட உரிமையில்லையா என்று ஒருவர் கேட்டார். மேடையில் நின்ற என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

ஷரஃபுதீன் பாய் ஒரு முறை கீழே போய்விட்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். மேடைக்கருகே வந்து, "உன்னாலதானாமே, சப்ளையர் சொல்றான்" என்றார். நான் தலையாட்டினேன். என் தொண்டையைக் கையால் காட்டினேன்.

"என் எதிர்ல நின்னுதானேம்மா இத்தினி வருஷம் பாடின? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார். கண் கலங்கியிருந்தது. படகுப் பாட்டைக் கேட்காமலே போய்விட்டார்.

அக்டோபர் 22

ஆபரேஷன். கட்டியை எடுத்துவிட்டார்கள். இனி டாக்டர் சொல்லும்வரை ஒரு சத்தமும் கூடாது. தும்மக்கூடப் பயம். ஜான்சனைக் கூப்பிட டம்ளரைத் தரையில் தட்டுகிறேன்.

அக்டோபர் 29

மாமியார் வஞ்சிரத் தலைக் குழம்பு கொண்டுவந்தார். உறைப்பே இல்லாமல் எனக்கென்று தனியாக. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்று, ஐஸ் கட்டியோடு நாள் முழுக்க மல்லுக்கட்டி விறைத்துப்போன கையை என் தொண்டையில் வைத்து, "வந்துரும், வந்துரும்" என்றார். பதில் பேச முடியாததால் அழ மட்டும் செய்தேன்.

நவம்பர் 13

இன்றைக்குப் பேசலாம் என்று டாக்டர் சொன்னார். என் பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

ஜான்சன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பேசுவதற்குப் போதுமாம். பாட்டுக்கு? "நம்பிக்கை கொடுத்து ஏமாத்த விரும்பலைம்மா" என்றார். இவராவது முதலிலேயே சொன்னார்.

நவம்பர் 14

வீட்டில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தோம். நானே சொன்னேன், எவ்வளவு இறக்க முடியுமோ இறக்கு, ஆனால் சொல்லிவிட்டு இறக்கு. நாலு என்றான். அஞ்சு என்றான். ஏழு என்றான். ஒவ்வொன்றுக்கும் முயன்றேன். ஒன்பதில் அவனே கையை எடுத்துவிட்டான்.

அவன் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டேன். மறுபடி 'அவன்' ஆகிவிட்டான்.

டிசம்பர் 3

கஸ்தூரிரங்கன் வீட்டுக்கே வந்தார். மழையில் நனைந்து, செருப்பைப் படியிலேயே விட்டு. ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறார்களாம், தமிழ்மொழி என்று. திருவான்மியூர்ப் பெண். "ஜான்சன் வாசிச்சாத்தான் சரியா வரும். உன்னைக் கேட்காம அவன் வரமாட்டேங்கறாம்மா."

ஜான்சன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். போய்யா என்றேன். இரண்டு பேருமே வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறோம்? கூட்டம் எப்படி சார் என்று மேனேஜரைக் கேட்டேன். "அதைச் சொல்லவே சங்கடமா இருக்கு. எல்லாரும் குழந்தை குட்டியோட வரா. வெள்ளி சனியில மேஜை கிடைக்கறதில்லை" என்றார்.

டிசம்பர் 20, வெள்ளி

போனேன். ஜான்சன் வேண்டாம் என்றான், நான்தான் பிடிவாதம். சாப்பிடும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. தட்டியை எடுத்துவிட்டிருக்கிறார்கள். நெய் வாசமும் கருவேப்பிலை வாசமும் அடித்தது. இந்த ஹாலில் சாப்பாட்டு வாசம் அடிக்கும் என்றே எனக்குத் தெரியாது. செம்பியன் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தான். "இப்பல்லாம் இருமல் இல்லக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

அந்தப் பெண் சின்னவள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை. ஷரஃபுதீன் பாய் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பையில் சிகரெட் பெட்டி இருந்தது, வெளியே எடுக்கவில்லை. இன்றைக்கு அவர் கேட்காமலே ஜான்சன் படகுப் பாட்டைத் தொடங்கினான்.

அவள் பாடினாள். மேலே போகிற இடம் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் போனாள். சிரமமே இல்லாமல் போய் நின்று, இறங்கி வந்தாள். பாய் கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் முதலில் கைதட்டினேன்.

இடைவேளையில் மேடை காலியாக இருந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி கீபோர்டுக்குப் பின்னால் போனேன். பச்சை வெளிச்சம் அப்படியே இருந்தது.

டிரான்ஸ்போஸ்: 0.

மைக் அணைந்திருந்தது. மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். காற்று சுத்தமாக இருந்தது.