வெல்லம் போட்ட அதலைக்காய்

ஐப்பசி, ஞாயிறு இரவு.

கோபத்தில் தூக்கம் வரவில்லை. சாயல்குடியில் தங்கச்சி வீட்டுக் கரிசல் காட்டில் இடுப்பு ஒடியக் குனிந்து அதலைக்காய் பறித்துக்கொண்டு ராமேஸ்வரம் வந்தேன். மழை பெய்தால்தான் காய்க்கும். கசப்புக்காகவே தின்கிற காய். பறித்த அன்றே சமைக்காவிட்டால் வெடித்துவிடும். அசதியில் கொஞ்சம் படுத்தேன். அதற்குள் வீட்டுக்காரர் உதவி செய்கிறேன் என்று அடுப்படிக்குள் புகுந்து, பொரியலில் வெல்லத்தைத் தட்டிப் போட்டுவிட்டார்.

ஒரு வாய் வைத்தேன். பாயசம் மாதிரி இருந்தது. "என்ன செஞ்சு வச்சிருக்கீக?" என்றேன்.

"கல்யாணம் ஆனதுல இருந்து வருசா வருசம் இந்தக் கருமத்தத் தின்னுட்டு வாரேன். இன்னைக்குத்தான் தொண்டையில எறங்குது" என்றார், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டே.

வெல்லத்தைக்கூட மன்னித்துவிடுவேன். வருடா வருடம் "நல்லாருக்கு, இன்னொரு கரண்டி வையி" என்றாரே, அது என்ன? அதை நம்பி என் பங்கையும் அல்லவா அவர் தட்டில் போட்டேன்.

பையின் அடியில் ஒரு கை காய் மீதி இருக்கிறது. விடிவதற்குள் பாதி வெடித்துவிடும். வெடிக்கட்டும். அதையே வெல்லமில்லாமல் வதக்கி அவர் தட்டில் வைப்பேன். நல்லாருக்கு என்று சொல்லட்டும், பார்க்கிறேன்.