நினைவுச் சுவரில் இருக்கும் பெட்டகக் கள்ளனைத் திருப்பித் தருமாறு கோருதல்

அனுப்புநர்:
திருமதி எவ்லின் கொட்வின்,
எல்பர்ஃபெல்ட், வுப்பர்டால்.
(மாடி எண் பாதுகாப்புக் கருதி எழுதப்படவில்லை. காரணம் 5ஆம் பந்தியில்.)

பெறுநர்:
திரு. சூசைதாசன் அவர்கள்,
தலைவர்,
வுப்பர்க்கரைத் தமிழ்க் கத்தோலிக்க ஒன்றியம்,
வுப்பர்டால்.

விடயம்: ஒன்றிய மண்டபத்தின் நினைவுச் சுவரில் என் பூட்டனார் என்று வைக்கப்பட்டிருப்பவர் என் பூட்டனார் அல்லர் என்பதும், அவருடைய படம் டிசம்பர் 12க்கு முன் எனக்குத் திரும்ப வேண்டும் என்பதும்.

மதிப்புக்குரிய தலைவர் ஐயா,

முறைப்பாடுகள் தமிழில், எழுத்தில், தலைவருக்கே தரப்பட வேண்டும் என்று ஒன்றியத்தின் யாப்பு விதிகளில் உள்ளது. நான் இரண்டு தடவை நேரில் வந்து சொன்னதைச் செயலாளர் ஜெசிந்தன் அண்ணை “கதைச்சவா” என்று மட்டும் குறித்து வைத்திருக்கிறார். ஆகவே எழுதுகிறேன். பிள்ளை இப்போதுதான் உறங்கினாள். எங்காவது வசனம் பாதியில் நின்றால் அவள் எழும்பிவிட்டாள் என்று கொள்ளவும்.

1. என்னைக் கொட்வினுடைய மனைவியாகவும் கைக்குழந்தை யூலியாவின் தாயாகவும் தாங்கள் அறிவீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டு வந்து, இங்கே அதே துறையில் முதுகலை முடித்தேன். இப்போது ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் கண்காட்சிக்காக, நூறு ஆண்டுகளுக்கு முந்திய யேர்மன் குற்றக் கும்பல்களையும் அவர்களைத் துரத்திய பொலிசாரையும் பற்றி ஆராய்கிறேன். “கொட்வின்ர மனிசி கள்ளரைப் பற்றிப் படிக்கிறா” என்று நம்மவர்கள் பேசிக்கொள்வதாக அறிகிறேன். அது சரியான தகவல். மறுக்கவில்லை.

2. படத்தில் இருப்பவர் பெயர் ஒட்டோ கிரால்மன். இரும்புப் பெட்டகம் உடைப்பது அவர் தொழில். அக்காலக் கும்பல்கள் தங்களைச் சேமிப்புச் சங்கம், விளையாட்டுச் சங்கம், பாட்டுச் சங்கம் என்று முறையாகப் பதிந்துகொண்டன. சிறைக்குப் போனவரின் குடும்பத்தைப் பார்த்தன. ஒருவர் இறந்தால் எல்லோரும் உயரத் தொப்பியும் கறுப்புக் கோட்டும் அணிந்து கொடியோடு சவ ஊர்வலத்தில் நடந்தார்கள். கிரால்மன் அப்படியொரு உடையில் எடுத்த படம் இது. இந்த விவரங்களை நான் தேநீர் வேளையில் சொன்னபோது, யாப்பு, கொடி, சந்தா, மரணச் சகாய நிதி என்ற வரிசையைக் கேட்டுத் தாங்கள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். நான் எந்த ஒப்பீடும் செய்யவில்லை என்பதை இங்கே எழுத்தில் தருகிறேன்.

3. படம் என்னுடையதல்ல. கிரால்மனைப் பிடித்த துப்பறியும் அதிகாரியின் பேத்தியான ஹென்கெல்ஸ் அம்மையாருடையது. எண்பது வயதைத் தாண்டியவர். வேறு பிரதி உலகில் இல்லை. என் கையைப் பிடித்து, நான் கையெழுத்து வைத்த பிறகே தந்தார். கண்காட்சியின் திறப்பு விழாவுக்கு வந்து அதைச் சுவரில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். படம் 12ஆம் திகதி அங்கே இல்லாவிட்டால், ஒப்பந்தப்படி அது திருட்டாகப் பொலிசுக்கு அறிவிக்கப்படும். கள்ளரைப் பற்றிப் படிக்க வந்த நான் கள்ளியாகப் பதியப்படுவேன். இந்த வேலையும் போகும். இதற்குப் பிறகு எந்தக் காப்பகமும் எனக்கு ஒரு தாளைக்கூடத் தொடத் தராது.

4. படம் மண்டபத்துக்கு வந்த விதம்: ஒக்டோபரில் யூலியாவின் ஞானஸ்நான விருந்துக்கு எங்கள் வீட்டில் றோல்ஸ் சுருட்ட வந்த புஷ்பமலர் மாமி, அதாவது கொட்வினின் அத்தை, அலுமாரியின் மேல் அதைக் கண்டார். கண்காட்சிக் குறிப்பு எழுதுவதற்காக நான் அங்கே வைத்திருந்தேன். நம் வீடுகளில் ஒருவர் தனியாக, சிரிக்காமல், சட்டத்துக்குள் இருந்தால் அவர் செத்துப்போனவர். நல்ல நாளில் செத்தவரைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதால் மாமியும் கேட்கவில்லை. எங்கள் கல்யாணத்தைப் பேசிய தரகர், என் தாய்வழியில் ஒரு பறங்கியர், அதுவும் புகையிரத நிலைய அதிபர், இருந்தார் என்று மாமியிடம் அவிழ்த்துவிட்டிருக்கிறார். இது எனக்கே போன மாதந்தான் தெரியும். மீசை, கோட்டு, வெள்ளைத் தோல் மூன்றையும் கண்ட மாமிக்கு மேலதிக ஆதாரம் தேவைப்படவில்லை. எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்து, மரித்தோர் நினைவு நாளுக்காகப் படத்தை எனக்குச் சொல்லாமலே தானே கொண்டுவந்து நினைவுச் சுவரின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். அதன் கீழே “அமரர் அந்தோனி, புகையிரத நிலைய அதிபர், எவ்லினின் பூட்டன்” என்று எழுதியிருக்கிறது. அந்தோனி என்ற பெயரை யார் வைத்தது என்று விசாரித்தேன். “பேர் இல்லாமல் எப்பிடிப் பிள்ளை பூசைக்குக் குடுக்கிறது” என்பது பதில்.

5. நவம்பர் முடிந்ததும் மற்றப் படங்கள் வீடுகளுக்குத் திரும்பின. இவர் மட்டும் திரும்பாததற்குக் காரணம் டெல்சி அக்காவின் கதவு. குப்பை போட இறங்கியவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இந்த நாட்டுக் கதவுக்கு வெளிப்பக்கத்தில் கைப்பிடி இல்லை; சாத்தினால் சாவியில்லாமல் திறக்காது. பூட்டுக்காரனைக் கூப்பிட்டால் ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு போகும். அவர் மண்டபத்துக்கு ஓடிவந்து அழுதார். கிரால்மனின் கடிகாரச் சங்கிலியில் ஒரு சிறு சாவி தொங்குவது கண்ணில் பட்டதாம். வீட்டுக்குத் திரும்பினால் கதவு திறந்திருந்தது. அவருடைய கணவர் இரவு வேலை முடிந்து உள்ளே உறங்கிக்கொண்டிருந்தவர், அப்போது எழும்பித் திறந்தார் என்பதை டெல்சி அக்காவே சொல்கிறார். “அவரை ஆர் எழுப்பினது?” என்றும் கேட்கிறார்.

அதன் பிறகு நம்மவர்கள் தங்கள் வீட்டு மேலதிகச் சாவிகளைப் படத்தின் கீழ் கொழுவத் தொடங்கினார்கள். தாங்கள் அதற்கென்று ஒரு பலகையும் அடித்துக் கொடுத்தீர்கள். ஒவ்வொரு சாவியிலும் பெயர், தெரு, மாடி, சிலவற்றில் “பகலில் ஒருத்தரும் இல்லை, பெல் அடிக்க வேண்டாம்” என்ற குறிப்பு. ஐயா, நான் இரண்டு வருடமாகப் பொலிஸ் கோப்புகளை வாசிக்கிறேன். கிரால்மனும் கூட்டாளிகளும் ஒரு வீட்டின் இவ்வளவு விவரத்தை அறிய வாரக்கணக்கில் தெருவில் நின்றிருக்கிறார்கள். நாமோ அதை எழுதி, வரிசையாகத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு கள்ளனையும் காவலுக்கு வைத்திருக்கிறோம். இதை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை. எழும்பிப் போய்க் கதவைத் தொட்டுப் பார்க்கிறேன். பிறகு பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிறேன். பிறகு கதவை.

6. உண்மையை நான் மறைக்கவில்லை. இவர் கள்ளன் என்று மாமியிடம் சொன்னேன். “ஆண்டவரோட முதல் மோட்சம் போனதே ஒரு கள்ளன்தானே, பிள்ளை” என்றார். தங்களிடம் வந்து சொன்னேன். “அவர் உமக்குச் சொந்தமில்லையெண்டால் கேக்க உமக்கு உரிமையில்லை. சொந்தமெண்டால் ஏன் கழட்டுவான்?” என்றீர்கள். உறவினர்தான் படத்தை மீளப் பெறலாம் என்பது விதியாம். உறவில்லை என்று நிரூபிக்க அவருடைய மரணச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னீர்கள். ஒரு நல்ல நகல் எடுத்து வைக்கிறேன் என்றேன். நகலுக்கு மெழுகுதிரி கொளுத்த ஏலாது என்றார் ஜெசிந்தன் அண்ணை. பதிலுக்குத் துப்பறியும் அதிகாரியின் படத்தைத் தருகிறேன், அவர் நேர்மையான மனிதர் என்றேன். “அவர் கதவைப் பூட்டினவரல்லோ” என்றார் மாமி. கமிட்டி கூடித் தீர்மானிக்கும் என்றீர்கள். கமிட்டி கூடுவது தைமாதத்தில்.

7. மரணச் சான்றிதழ் பற்றி: அது இல்லை. துப்பறியும் அதிகாரி கிரால்மனை மூன்று தடவை பிடித்தாராம். மூன்று தடவையும் கோப்பி வாங்கிக் கொடுத்துத்தான் கூட்டிப் போனாராம். 1933இல் ஆட்சி மாறிய பின் வேறு ஆட்கள் வந்து கிரால்மனைக் கொண்டு போனார்கள். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதிகாரி யாரிடமும் போய்க் கேட்கவில்லை. ஆனால் சாகும்வரை அந்தப் படத்தைத் தன் வீட்டுச் சுவரிலிருந்து எடுக்கவுமில்லை. கொண்டு போனார்கள், எங்கே என்று தெரியாது என்ற வசனத்தை நம் மண்டபத்தில் எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே, மெழுகுதிரி பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. அவருக்காக இதற்கு முன் யாரும் ஏற்றியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. என் முறைப்பாடு பெயரைப் பற்றியும், திகதியைப் பற்றியும், சாவிகளைப் பற்றியும் மட்டுமே.

8. கடந்த செவ்வாய்க்கிழமை நடந்ததையும் நானே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் பதில் கடிதத்தில் தாங்கள் எழுதுவீர்கள். பார்சல் வாங்கப் படிக்கட்டுக்கு வந்தேன். காற்று கதவைச் சாத்தியது. யூலியா உள்ளே, தரை விரிப்பில், கையில் வாழைப்பழத் துண்டோடு. முதலில் சிரித்தாள். பிறகு சத்தம் இல்லை. சத்தம் இல்லாததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொட்வின் டுசல்டோர்ஃபில் வேலையில். பூட்டுக்காரன் இரண்டு மணித்தியாலம் என்றான். மாமிக்கு அழைத்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சற்று நேரத்தில் தாங்கள் வீட்டுச் செருப்போடு, கோட்டும் போடாமல், மூச்சிரைக்க மேலே ஏறி வந்தீர்கள். கையில் சிவப்பு நூல் கட்டிய சாவி. அது எங்கள் வீட்டுச் சாவி. கொட்வின் எனக்குச் சொல்லாமல் பலகையில் கொழுவியிருக்கிறார். கதவைத் திறந்துவிட்டு, “பாத்தீரோ, ஆர் திறந்தது?” என்று கேட்டீர்கள். யூலியா வாழைப்பழத்தைத் தலைமயிரில் பூசிக்கொண்டிருந்தாள்.

திறந்தது தாங்கள் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அறிவித்தலில் “அமரர் அந்தோனி தன் சந்ததியைக் காத்தார்” என்று வாசிக்கப்பட்டது. பூசை முடிந்ததும் நால்வர் வந்து என் கையைப் பிடித்தார்கள். ஒருவர் தன் விசா அன்ட்ராக்கின், அதாவது விண்ணப்பத்தின், பிரதியைத் தந்து, பூட்டனாரிடம் நானே ஒரு வார்த்தை சொன்னால் நல்லது என்றார். நான் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

எனவே ஐயா அவர்களைப் பணிவுடன் கேட்பது:

கண்ணாடிப் பெட்டியின் சாவி தங்களிடம் மட்டும் இருப்பதால், கமிட்டியைக் காத்திராமல் படத்தை 11ஆம் திகதி மாலைக்குள் என்னிடம் தரவும். பெட்டகம் உடைத்த ஒருவரை எடுக்க ஒரு பெட்டியை உடைக்கும் நிலைக்கு என்னைத் தள்ள வேண்டாம். கண்காட்சி முடிந்ததும், ஒவ்வொரு நவம்பரும் படத்தை மண்டபத்துக்குத் தருவாரா என்று ஹென்கெல்ஸ் அம்மையாரிடம் நான் கேட்பேன். வந்தால், கீழே “ஒட்டோ கிரால்மன், கள்ளன், எவருக்கும் உறவில்லை” என்று எழுதவும். இறுதி இரு சொற்களையும் வேண்டுமானால் விட்டுவிடலாம். சாவிகளிலிருந்து பெயர், தெரு, மாடி யாவற்றையும் இன்றே வெட்டி எறியவும்.

எங்கள் சாவியைக் கழற்ற வேண்டாம். சிவப்பு நூல் கட்டியது. அதில் எதுவும் எழுதத் தேவையில்லை. எந்த மாடி என்று தங்களுக்குத் தெரியும்.

தங்கள் பதிலுக்காகக் கதவுக்கு உட்பக்கத்தில் காத்திருக்கும்,

எவ்லின் கொட்வின்
(ஒப்பம்)

இடம்: வுப்பர்டால்
திகதி: 02.12.2025

பிரதி: திருமதி புஷ்பமலர் (மாமி, கோபிக்க வேண்டாம். றோல்ஸ் நன்றாக இருந்தது.)